வாசிக்காமல் விட்ட வரி

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் புறப்படுவதற்கு முன் வீடு வீடாகப் போய் மாப்புக் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். பேச்சிலோ செயலிலோ, தெரிந்தோ தெரியாமலோ ஏதும் குறை செய்திருந்தால் அல்லாஹ்வுக்காக மன்னித்துவிடுங்கள் என்று கேட்பார்கள். தனக்குச் செய்த குறையைப் படைத்தவன் மன்னிப்பான், மனிதனுக்குச் செய்த குறையை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும் என்பது நம்பிக்கை. கேட்கப்பட்டவரும் உடனே கொடுத்துவிட்டு, எங்களுக்காகவும் துஆக் கேளுங்கள் என்று ஒரு தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்து அனுப்புவார். சாதாரணமாக ஒருவர் வாழ்நாளில் ஒரு தடவை செய்கிற காரியம் இது.

நான் சொல்லவந்த ராத்தா ஹஜ்ஜுக்குப் போகவே இல்லை. ஆனால் கிழமைக்கு இரண்டு மூன்று பேரிடமாவது மாப்புக் கேட்காமல் இருக்கமாட்டார்.

ராத்தா என்றால் அக்கா. அவரைவிட மூத்தவர்களும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். கல்முனைக்கும் காரைதீவுக்கும் நடுவில், கடலுக்கும் வயலுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கிறது எங்கள் ஊர். அங்கே கலியாணம் என்றால் பலகாரம் சுட அவரைத்தான் அழைப்பார்கள். ஒரே மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, எங்கள் ஊர் உம்மாமார் எல்லோரையும் போல, அதே வளவின் பின்பக்கத்தில் ஓர் அறையும் அடுப்படியும் போட்டுக்கொண்டு இருந்தார்.

சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவரை ஒரு நாள் ஒழுங்கை முனையில் மறித்து, முந்தின நாள் அவருடைய பாரை மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்காமல் விட்டதற்கு மாப்புக் கேட்டார். செவுளைப் பார்க்காமல் மீன் வாங்குகிறவர் எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. மீன்காரர் தலையை ஆட்டிவிட்டு, அதன் பிறகு கொஞ்ச நாள் வேறு ஒழுங்கையால் போனார். ராத்தா வாசலில் வந்து நின்றால் வீட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். நமக்கு என்ன செய்துவிட்டு வந்து நிற்கிறாரோ என்ற பயம்.

அவர் மௌத்தாகி நான்கு வருடம் ஆகிறது. அடக்கத்துக்கு ஜனாஸாவைத் தூக்குவதற்கு முன், வழக்கப்படி மருமகன் எழும்பி நின்று, எங்கள் மாமி யாருக்காவது குறை செய்திருந்தால் மாப்புச் செய்யுங்கள் என்று கேட்டார். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், அதையெல்லாம் அவ தன் கையாலேயே வாங்கி முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறா என்றார். ஜனாஸா வீடு என்றும் பாராமல் சிலர் சிரித்துவிட்டார்கள்.

எனக்கு அவரைத் தெரியவந்தது எழுத்தறிவு வகுப்பில். கணினிப் படிப்பை முடித்துவிட்டு அரசாங்க வேலை வீடு தேடி வரும் என்று நான் காத்திருந்த காலம். பெண்கள் சங்கக் கட்டடத்தின் மேல்மாடியில், பின்நேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, படிக்காத பெண்களுக்கு எழுத வாசிக்கச் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. முதல் நாளே ராத்தா என் மேசையடிக்கு வந்தார்.

“மகள், நான் அடுப்படியில நிண்டுட்டு வாற மனிசி. வகுப்புல நித்திரை வந்தாலும் வரும். இப்பவே மாப்பத் தந்து வை.”

கொடுத்தேன். சொன்னபடி நித்திரையும் கொண்டார். ஆனால் விழித்திருந்த நேரத்தில் அவர் படித்த வேகத்துக்கு வேறு யாரும் படிக்கவில்லை. மற்றவர்களுக்குக் கையெழுத்து வைக்கவும் பஸ் பலகையை வாசிக்கவும் தெரிந்தால் போதும். அச்செழுத்து ஓரளவுக்கு வந்ததும் ராத்தா என்னிடம், இது சரி, மனிதர் கையால் எழுதுகிற எழுத்தை எப்போது சொல்லித் தருவாய் என்று கேட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. என்னை நல்ல ஆசிரியை என்று நானே நினைத்துக்கொண்டிருந்ததால், எல்லாம் ஆர்வம் என்று எடுத்துக்கொண்டேன்.

வகுப்புக்கு உதவிய திட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. படிக்கிறவர்கள் எழுதுவதை இணையத்தில் ஒரு பக்கம் திறந்து வெளியிட வேண்டும். கொழும்பிலிருந்து வந்த அதிகாரி, நீங்கள் எழுதப்போவதை உலகமே வாசிக்கும் என்று கைகளை விரித்துச் சொன்னார். எங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்தினரும் வாசிப்பார்களா என்று ஒரு பெண் கேட்டார். அதிகாரி மிகுந்த சந்தோஷத்துடன், கட்டாயம் வாசிப்பார்கள் என்றார். அடுத்த கிழமை வகுப்பில் பாதிப் பேர் இல்லை.

மிஞ்சியவர்கள் எழுதினார்கள். கோழி வளர்த்தது, மருமகளுக்குப் பிள்ளை பிறந்தது, வெள்ளம் வந்து வடிந்தது. நான் தட்டச்சுச் செய்து பக்கத்தில் ஏற்றினேன். அதிகாரி சொன்ன உலகத்தில் மூன்று பேர் வாசித்தார்கள். ஒருவர் அதிகாரி. மற்ற இருவரும் நான்தான், ஒரு தடவை கணினியிலும் ஒரு தடவை என் போனிலும்.

இந்த நிலைமையை மாற்றியது ராத்தா கலியாணங்களுக்குக் கிண்டும் தொதல் என்ற இனிப்பு. அவருடைய முதல் எழுத்து இப்படி இருந்தது: “தொதல் கிண்டும்போது அடிப்பிடித்தது. நான் சொல்லவில்லை. ஏலக்காயைக் கூடப் போட்டேன். நல்ல ருசி என்றார்கள். அடுத்த கலியாணத்துக்கும் அதே ருசி வேண்டும் என்றார்கள். அதனால் இருபது வருடமாக அந்த வீட்டுக்கு மட்டும் வேண்டுமென்றே அடிப்பிடிக்க விடுகிறேன்.”

வேறு யாராவது எழுதியிருந்தால் இதுவும் கோழியோடும் வெள்ளத்தோடும் சேர்ந்து கிடந்திருக்கும். எந்த வீடு என்றும் அதில் இல்லை. ஆனால் ஒருவரைப் பற்றி எழுதியாயிற்று, அவருக்குத் தெரியாது, அது ஒரு குறை. ராத்தா மறுநாள் காலையிலேயே அந்த வீட்டு வாசலில் போய் நின்று, உங்களைப் பற்றி இணையத்தில் எழுதிவிட்டேன், மாப்புத் தாருங்கள் என்று கேட்டார்.

அன்று பின்நேரத்துக்குள் பக்கத்தின் முகவரி கேட்டு எனக்குப் பன்னிரண்டு அழைப்புகள் வந்தன. கட்டாரில் இருக்கிற அந்த வீட்டு மகன் வாசித்தான், லண்டனில் இருக்கிற மச்சி வாசித்தாள், அவர்கள் அறிந்த எல்லோரும் வாசித்தார்கள். வீட்டுக்காரப் பெண்மணி மாப்புக் கொடுத்துவிட்டார். ஆனால் அந்தத் தொதலை வேறு எந்த வீட்டுக்கும் கொடுக்கக்கூடாது என்று ஒரு நிபந்தனை போட்டார்.

அதன் பிறகு ராத்தா எழுதுவதும், எழுதப்பட்டவர் வீட்டுக்குப் போய் மாப்புக் கேட்பதும், அந்த வீட்டார் என்னை அழைப்பதுமாக எங்கள் பக்கம் வளர்ந்தது. மாப்பிள்ளை வீட்டார் வருமுன் பயற்றம் பணியாரத்தை எண்ணி ஒளித்த மாமியாரைப் பற்றி எழுதினார். பூட்டிய அறைக்குள் இருந்து முஸ்கட் அல்வா தின்ற மணப்பெண்ணைப் பற்றியும் எழுதினார். அடுத்த ஒழுங்கைப் பெண் ஒருத்தி, எங்கள் வீட்டிலும்தானே சுட்டீர்கள், எங்களை ஏன் எழுதவில்லை என்று ராத்தாவிடம் மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை. எழுதாமல் விட்டதற்கும் ராத்தா மாப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அதிகாரி தன்னுடைய அறிக்கையில், சமூகம் மிகுந்த ஈடுபாடு காட்டுகிறது என்று எழுதினார்.

தன் எழுத்து ஏறியதும் ராத்தா அதைத் தானே வாசித்துப் பார்ப்பார். அவருக்கு எழுத்துக்குக் கீழே விரல் வைக்காமல் வாசிக்க வராது. போன் திரையில் விரல் வைத்தால் பக்கம் கீழே ஓடிவிடும். இரண்டு மூன்று தடவை அதைத் துரத்திப் பிடித்துக் களைத்துப்போனவர், அடுத்த நாள் விளக்குமாற்றில் இருந்து ஓர் ஈர்க்கிலை முறித்துக்கொண்டு வந்தார். ஈர்க்கில் பட்டால் திரைக்குத் தெரியாது. ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் ஈர்க்கிலை ஊன்றி, வரி வரியாக நடப்பார். பிறகு அந்த ஈர்க்கிலைத் தான் எழுதும் கொப்பிக்குள் வைத்து மூடிக்கொள்வார்.

இப்படி ஊர் முழுக்க மாப்புக் கேட்டுத் திரிந்தவர் ஒரு வீட்டு வாசலை மட்டும் மிதிக்கவில்லை. அதே ஒழுங்கையில் நான்கு வீடு தள்ளி இருந்த அவருடைய சொந்தத் தங்கையின் வீடு அது. தங்கை எனக்கு ஐந்தாம் வகுப்பில் படிப்பித்த டீச்சர். ஊரில் பாதிப் பேருக்கு எழுத்தைக் காட்டியவர், அப்போது ஓய்வு பெற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை. தங்கை பிறந்தபோது, அவளை இடுப்பில் வைத்திருக்க ஆள் வேண்டும் என்று எட்டு வயதில் பள்ளிக்கூடத்தில் இருந்து நிறுத்தப்பட்டவர் ராத்தா. ஊரே அவரை ராத்தா என்று கூப்பிட, அப்படிக் கூப்பிட உண்மையான உரிமை உள்ள ஒரே ஆள் பத்து வருடமாகக் கூப்பிடவில்லை. என்ன கோபம் என்று யாருக்கும் தெரியாது.

காரணத்தை ராத்தா ஒரு நாள் எழுதிக்கொண்டு வந்து தந்தார். கொப்பியில் ஒன்றரைப் பக்கம். மாப்பிள்ளை என்று அதில் வருவது அவருடைய கணவர். அதை இன்றைக்கும் எனக்குப் பார்க்காமல் சொல்ல வரும்.

“என் மாப்பிள்ளை சவூதியில் இருந்து கடிதம் போடுவார். என் தங்கச்சி வாசித்துக் காட்டுவாள். முடிந்ததும் பதில் என்ன ராத்தா எழுத என்று கேட்பாள். நான் சொல்ல எழுதுவாள். நான் பிள்ளை பெற்றுப் பன்னிரண்டாம் நாள் ஒரு கடிதம் வந்தது. நான் சுகம், பிள்ளையைக் கவனமாகப் பார் என்று வாசித்தாள். நாங்களும் சுகம் என்று பதில் போட்டோம். ஆனால் கடிதத்தில் இருந்தது வேறு. நான் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், கடும் வருத்தம், உனக்குச் செய்த குறைகளை அல்லாஹ்வுக்காக மாப்புச் செய்து உடனே பதில் எழுது என்று அவர் எழுதியிருந்தார். என் தங்கச்சி அந்த வரியை வாசிக்கவில்லை. மாப்புச் செய்தேன் என்று நான் சொல்லவில்லை. அவர் மௌத்தாகிவிட்டார்.”

மிச்சத்தை வாயால் சொன்னார். பிள்ளை பெற்றவளை நாற்பது நாள் முடியும்வரை அழவிடக்கூடாது என்று தங்கை நினைத்திருக்கிறார். நாற்பது முடிந்ததும் சொல்வதென்று கடிதத்தை மடித்து மற்றக் கடிதங்களோடு வைத்தார். முப்பத்தெட்டாம் நாள் மௌத்துச் செய்தி வந்தது. அதன் பிறகு எந்த முகத்தோடு சொல்வது? அவரும் சொல்லவில்லை. கடிதங்கள் ராத்தாவிடமேதான் கட்டாகக் கிடந்தன. மகளுடைய கலியாணப் பதிவுக்காக வாப்பாவின் விவரங்கள் தேவைப்பட்டபோது, அந்தக் கட்டை ஓர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். விலாசத்தைத் தேடிய எழுதுவினைஞர் கடிதங்களை உரக்க வாசித்துக்கொண்டே போனார். அந்தக் கடிதம் வந்ததும் ராத்தா அதை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பஸ் ஏறி வந்து, தங்கையோடு கதைப்பதை நிறுத்தினார். மாப்புக் கேட்கிற பழக்கமும் அந்தக் கிழமைதான் தொடங்கியது. தன்னால் ஒருவர் மாப்புக் கிடைக்காமல் போனார், தானும் அப்படிப் போய்விடக்கூடாது என்ற பயம்.

கையெழுத்தை ஏன் படித்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. வெட்கமாகவும் இருந்தது. டீச்சர் உங்களிடம் மாப்புக் கேட்கவில்லையா என்று கேட்டேன்.

“கேட்டா. ரெண்டு பெருநாளைக்கு வாசல்ல வந்து நிண்டு கேட்டா. எனக்குக் கேக்கத்தான் பழக்கம் மகள். குடுத்துப் பழக்கமில்ல.”

இதற்கு யாரிடமும் மாப்புக் கேட்கப் போவதில்லை, எழுதியபடியே போடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் எழுதியபடி போடவில்லை. தட்டச்சுச் செய்துகொண்டு வரும்போது டீச்சரின் முகம் கண்முன்னே வந்து நின்றது. அவரிடம் படித்தவர்கள் நாடு நாடாக இருக்கிறார்கள், எல்லோரும் வாசிப்பார்கள். ஓய்வு காலத்தில் அந்த மனுஷிக்கு இது தேவையா? நாளைக்கு நானும் அதே ஒழுங்கையால்தானே போய்வர வேண்டும்? ‘என் தங்கச்சி’ என்று இருந்த இடங்களில் ‘ஓர் உறவினர்’ என்று போட்டேன். ‘என் தங்கச்சி அந்த வரியை வாசிக்கவில்லை’ என்ற வரியை எடுத்தே விட்டேன். எழுத்தைச் செம்மைப்படுத்துவது என்று அதற்கு ஒரு பெயரும் வைத்துக்கொண்டேன். வாசித்துப் பார்த்தால் அழகாகத்தான் இருந்தது. யாரும் எந்தப் பிழையும் செய்யாத, தபால் மட்டும் கொஞ்சம் குழம்பிப்போன ஒரு சோகக் கதை.

அடுத்த வகுப்பில் ராத்தா என் போனை வாங்கி மேசையில் வைத்து, ஈர்க்கிலை எடுத்தார். முதல் ‘உறவினரி’ல் ஈர்க்கில் கொஞ்சம் நின்றது. பிறகு போனது. வரி எடுத்த இடத்துக்கு வந்ததும் மேலே ஏறிப் போய், திரும்ப இறங்கி வந்து, அங்கேயே நின்றுவிட்டது. வகுப்பில் மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

“இதுல ஒரு வரியக் காணல்லயே டீச்சர்” என்றார். என்னை அவர் டீச்சர் என்று கூப்பிட்டது அன்றைக்கு மட்டும்தான்.

டீச்சருக்கு மனம் நோகும் என்றுதான் எடுத்தேன் என்றேன்.

“அவளும் இதத்தான் சொன்னா. எனக்கு மனம் நோகும் எண்டு.”

எனக்கு உட்கார்ந்திருந்த கதிரையோடு சேர்த்துப் பூமி விழுங்கினால் நல்லது என்று இருந்தது. ஊரில் உள்ள அத்தனை பேரிடமும் மாப்புக் கேட்ட அந்த மனுஷியிடம் நான் மாப்புக் கேட்டேன். அவர் கொடுக்கவில்லை. முதலில் வரியைப் போடு என்றார். கொப்பியைப் பார்த்து, ஓர் எழுத்தும் மாறாமல் எல்லாவற்றையும் பழையபடி போட்டேன். ஈர்க்கிலால் இரண்டு தடவை சரிபார்த்தார். பிறகு எழும்பி, கொப்பியைப் பைக்குள் வைத்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“வா, தங்கச்சிட வீட்ட போவம்.”

மாப்புக் கேட்கவா என்று நான் கேட்டேன். கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை, வாசிக்கச் சொல்லப் போகிறேன் என்றார். நான் எதற்கு என்று இழுத்தேன்.

“நீயும் அதே வேலதானே பாத்த. வா.”

டீச்சர் கதவைத் திறந்தபோது ராத்தாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். நான் ஐந்தாம் வகுப்பில் வீட்டுப்பாடம் செய்யாமல் போன நாட்களில் நின்றதுபோல நின்றேன். யாரும் இருங்கள் என்று சொல்லவில்லை. ராத்தா தானாகவே போய்ச் சாப்பாட்டு மேசைக் கதிரையில் இருந்தார். என் போனை மேசையில் வைத்து, பக்கத்தில் இருந்த கதிரையைக் காட்டினார். டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அமர்ந்தார். ராத்தா முதல் சொல்லுக்கு அடியில் ஈர்க்கிலை ஊன்றினார்.

டீச்சர் உரக்க வாசித்தார். எனக்குத் தெரிந்த அதே வகுப்புக் குரல், ஒவ்வொரு சொல்லும் தெளிவாக. என் மாப்பிள்ளை சவூதியில் இருந்து கடிதம் போடுவார். என் தங்கச்சி வாசித்துக் காட்டுவாள். அந்த இடத்தில் குரல் கொஞ்சம் இறங்கியது, ஆனால் நிற்கவில்லை. பன்னிரண்டாம் நாள் வந்தது. ஆஸ்பத்திரி வந்தது. அந்த வரி வந்தது. டீச்சர் நிறுத்திவிட்டார்.

ஈர்க்கில் அசையவில்லை. நான் நிலத்து ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியே இருந்ததில் போன் திரை அணைந்துபோனது. அது ஒரு நல்ல சாட்டு. அத்தோடு எழும்பியிருக்கலாம், மூவரும் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் பிரிந்திருக்கலாம்.

“வெளிச்சத்தப் போடு மகள்” என்றார் ராத்தா.

தட்டினேன். வரி அங்கேதான் இருந்தது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டார்.

“என் தங்கச்சி அந்த வரியை வாசிக்கவில்லை” என்று வாசித்தார். அது வகுப்புக் குரலாக இருக்கவில்லை. கடைசிவரை அப்படியே வாசித்தார். ஒரு சொல்லையும் விடவில்லை. அவர் வாசித்து முடித்ததற்குப் பிறகுதான் ராத்தா ஈர்க்கிலை எடுத்தார்.

டீச்சர் போனைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு, கேட்பது தான்தானா என்று தெரியாதவர்போல மெதுவாகக் கேட்டார்.

“பதில் என்ன ராத்தா எழுத?”

ராத்தா பைக்குள் கையை விட்டுக் கொப்பியை எடுத்தார். பதிலைத் தானே எழுதிக்கொண்டுதான் வந்திருப்பதாகச் சொல்லிப் பக்கத்தைப் புரட்டி மேசையில் வைத்தார். எப்போது எழுதினார் என்று எனக்குத் தெரியாது. அதற்கு முந்தின இரவாக இருக்கலாம், பல மாதத்துக்கு முன்னராகவும் இருக்கலாம். பெரிய எழுத்தில் ஒரு வரிதான்: “மாப்புச் செய்தேன். பிள்ளை சுகம்.”

டீச்சர் அதையும் வாசித்தார். வாசித்துவிட்டு முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் நான் செம்மைப்படுத்திப் பழகியவள் அல்லவா, அந்த நேரத்திலும் பக்கத்தில் ஏற்றுவதற்குத் தலைப்பு வேண்டுமே என்ற நினைப்பு. இது யாருக்கு எழுதியது என்று போட என்று ராத்தாவிடம் கேட்டேன்.

“அவருக்கும் இவக்கும் உனக்கும்தான்” என்றார், ஈர்க்கிலைக் கொப்பிக்குள் வைத்து மூடிக்கொண்டு. “மூணு பேருக்கும் தனித்தனிய எழுத எனக்குக் கை வலிக்குது.”